வளைகோட்டில் ஒரு கை

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. தேடிப் போனது ஒரு வாக்கியத்தின் பொருளை.

வெயிலை அளக்கும் சென்சார்கள் அனுப்பும் மிகச் சிறிய மின்சமிக்ஞைகளை வாங்கிப் பதிந்துவைக்கும் கருவி ஒன்று இருக்கிறது. அதன் பயனர் கையேட்டைத் தமிழில் எழுதித் தரும் வேலை எனக்கு வந்தது. மொழிபெயர்ப்பில் வந்த நாவல்களை விழுந்து விழுந்து படித்திருக்கிறேனே தவிர, நானாக எதையும் மொழிபெயர்த்ததில்லை. பனி விழும் தெருக்களிலும் ரயில் நிலையப் பிரிவுகளிலும் பழகிய கண்ணுக்கு, "பச்சை விளக்கு இருமுறை மினுங்கினால் இணைப்பு சரியாக உள்ளது" என்பது சப்பென்று இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினேன். அப்படி எழுதிக்கொண்டு போகையில் ஓரிடத்தில் பேனா நின்றது:

"இரவில் கருவி பூஜ்யத்துக்குக் கீழான மதிப்புகளைக் காட்டினால் கவலைப்பட வேண்டாம்."

வெயில் பூஜ்யத்துக்குக் கீழே எப்படிப் போகும்? அதைக் கேட்கத்தான் கையேட்டு வேலை தந்த அலுவலகத்துக்குப் போனேன். கருவிகளைச் செய்பவரும் பழுதுபார்ப்பவரும் ஒருவரே. எந்நேரமும் கையில் பற்றவைக்கும் கோலும் ஈயக்கம்பியுமாக இருப்பதால் எல்லாரும் அவரை ஈயம் என்றே கூப்பிட்டார்கள். அவரும் அந்தப் பெயருக்கே திரும்பிப் பார்த்தார்.

"வெயில் கீழ போகாதுங்க" என்றார் ஈயம். "சென்சார் மேல ஒரு கண்ணாடிக் குமிழ் இருக்குல்ல, அது ராத்திரி முழுக்க வானத்தைப் பாத்துக்கிட்டே தன் சூட்டையெல்லாம் கொடுத்துடும். உள்ள இருக்கற தகடு கொஞ்சம் சூடா இருக்கும். சூடு தலைகீழாப் போகுது, கருவி மைனஸ்னு எழுதுது. அவ்வளவுதான். இதை வெச்சுக் கவிதை கிவிதை எழுதிடாதீங்க."

"மாட்டேன்" என்றேன். (எழுதினேன். கிழித்தும் போட்டுவிட்டேன்.)

அதே அறையில் ஜன்னலோரம் ஓர் அம்மா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் ஒரு நாளின் வெயில், குன்று மாதிரி ஒரு வளைகோடு. காலையில் ஏறி, உச்சியில் சற்று நின்று, மாலையில் இறங்குகிறது. ஏறும் சரிவில் மட்டும் ஓரிடத்தில் வெட்டுப் பட்டதுபோல் ஒரு பள்ளம்.

"இது என்னங்க, கருவி பழுதா?"

அவர் தலையைத் திருப்பவில்லை.

"அது கை."

காலையில் யாரோ குமிழின் மேலிருக்கும் தூசியைத் துடைக்கிறார். துடைக்கிற கை வெயிலை மறைக்கிறது. கருவிக்குக் கை என்று தெரியாது, வெயில் போய்விட்டது என்று எழுதுகிறது. இதையெல்லாம் ஈயம்தான் பிறகு விளக்கினார். அந்த அம்மா சொன்னது இரண்டே சொல். கையேட்டைத் தள்ளிவைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்ததற்கு அந்த இரண்டு சொல்தான் காரணம்.

அவரைப் பற்றி எனக்கு வேறொன்றும் தெரியாது. என் கதையில் வருவதுபோல் அவருக்கு ஒரு தம்பி இருக்கிறாரா என்பதும் தெரியாது. கதையில் வரும் சரிபார்ப்பவளை நானாகச் செய்தேன். ஈயம் மட்டும் நிஜம். கதையில் போட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். "என்னை நல்லவனாப் போடுங்க, மத்ததெல்லாம் உங்க இஷ்டம்" என்றார்.

2

தொடக்கம் ஒன்று: "சூரியன் தன் வாழ்நாளில் ஒருமுறைகூடப் பொய் சொன்னதில்லை, ஆனால் அதன் முகத்தைத் துடைப்பவர்கள்

[நிறுத்திவிட்டேன். இந்த வாக்கியத்துக்குக் குளிர்காலக் கோட்டு மாட்டிவிட்டதுபோல் இருக்கிறது. இது நான் படித்த வாக்கியம், பார்த்தது அல்ல.]

தொடக்கம் இரண்டு: "சென்சாரின் கறுப்புத் தகட்டில் ஒளி விழும்போது மிக நுண்ணிய மின்னழுத்தம் உண்டாகிறது. பதிவுக்கருவி அதை அந்தச் சென்சாருக்கே உரிய எண்ணால் வகுத்து

[இது கையேடு. இதற்குத் தனியாகச் சம்பளம் தருகிறார்கள்.]

தொடக்கம் மூன்று, இதையே வைத்துக்கொள்கிறேன்:

தம்பி இன்றும் எழுந்து வேலைக்கு வந்துவிட்டான் என்பது அவளுக்கு ஒரு பள்ளத்தைப் பார்த்துத்தான் தெரியும்.

அவள் வேலை சரிபார்ப்பது. பல ஊர்களின் மொட்டைமாடிகளிலும் திறந்த வெளிகளிலும் நிற்கும் சென்சார்கள் நாள் முழுக்க வெயிலை வாங்கும். பதிவுக்கருவிகள் அதை நிமிடத்துக்கு ஓர் எண்ணாக்கி அனுப்பும். அவள் ஒவ்வொரு வளைகோட்டையும் பார்த்து, எது வெயில், எது பழுது, எது பறவை, எது கை என்று பிரிப்பாள். நாடி பார்க்கிறாள் என்று ஈயம் அவளுக்கு டாக்டர் என்று பட்டம் கட்டியிருந்தார்.

மேகம் வரும்போது கோடு தயங்கித் தயங்கி இறங்கும், மனமில்லாமல் விருந்துக்குப் போகிறவர் மாதிரி. கை வரும்போது கத்தரித்ததுபோல் விழும், அப்படியே எழும். கை பட்ட நிமிடங்களைச் செல்லாது என்று குறித்துவிட்டு, இரண்டு கரையையும் நேர்கோட்டால் இணைத்துவிட வேண்டும் என்பது விதி. கையை அழித்துவிட்டு வெயிலை வைத்துக்கொள்ள வேண்டும்.*

துடைக்கிறவர்களை அவள் பார்த்ததில்லை. ஆனாலும் தெரியும். ஒரு நிலையத்துக்காரர் நகத்தால் கீறியதுபோல் துடைத்துவிட்டு ஓடிவிடுவார். இன்னொருவர் வாரக்கணக்கில் எட்டிப்பார்க்க மாட்டார், மேலதிகாரி வருகிற அன்று மட்டும் தேய் தேய் என்று தேய்ப்பார். தம்பியின் பள்ளம் மட்டும் தரையைத் தொடும். 'துடைக்கிறானா, போர்வை போர்த்துகிறானா' என்று நினைத்துக்கொள்வாள். சின்ன வயதிலிருந்தே அவன் எதையும் பூப்போலச் செய்ததில்லை. கதவைச் சாத்தினால் வீடு அதிரும்.

காலையில் டீயை எடுத்துக்கொண்டு வந்து, வேறு எந்த ஊரையும் திறக்காமல் அவன் ஊரைத்தான் முதலில் திறப்பாள். பள்ளம் இருக்கும். டீயைக் குடித்து முடிக்கும்வரை அதைப் பார்ப்பாள். பிறகு அழிப்பாள்.

* (அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: காப்பகத்தில் இருக்கும் கோடுகள் எல்லாம் வழவழப்பானவை. யாராவது பிற்காலத்தில் எடுத்துப் பார்த்தால், குமிழ்கள் தாமாகவே சுத்தமாக இருந்தன என்றுதான் நினைப்பார்கள்.)

3

அக்காவும் தம்பியும் ஏன் பேசிக்கொள்வதில்லை என்பதை நான் இப்போதே சொல்லிவிட வேண்டும். மர்மமாக வைத்திருந்து கடைசியில் உடைக்கலாம் என்று ஓர் ஆசை இருந்தது. அது எனக்கு வேண்டுமானால் பெருமை, அவர்களுக்கு மரியாதை இல்லை.

அம்மாவுக்கு அறுவை சிகிச்சை என்றார்கள். செய்தால் பிழைக்கலாம், செய்யாவிட்டால் நாளை எண்ண வேண்டியதுதான் என்றார்கள். அம்மா மகளைப் பார்த்து, "உனக்கு எது சரின்னு படுதோ அதைச் செய்டி" என்றாள். மகள் கையெழுத்துப் போட்டாள். உள்ளே போன அம்மா வெளியே வரவில்லை.

ஆஸ்பத்திரி நடைபாதையில், நாற்காலிகள் வரிசையாகக் கிடந்த இடத்தில், எல்லார் எதிரிலும் தம்பி கேட்டான்: "அம்மா வேண்டாம்னு சொல்லுச்சு, தெரியுமா உனக்கு? என்கிட்ட சொல்லுச்சு. போட்டியே கையெழுத்து. அந்தக் கைதான் கொன்னுச்சு."

அதுதான் அவர்கள் கடைசியாகப் பேசியது. பேசியது அவன் மட்டும்.

[இங்கே தம்பியின் மேல் எனக்குச் சந்தேகம் வருகிறது. இவ்வளவு கொடுமையாக ஒருவன் பேசுவானா? முதலில் "அவன் அழுதுகொண்டே கேட்டான்" என்று எழுதினேன். அழுகையைச் சேர்த்தால் அவனை மன்னித்துவிடலாம், எனக்கு வசதி. அடித்துவிட்டேன். அவன் அழவில்லை. ஆனால் அவன் பொய்யும் சொல்லவில்லை. அம்மா மகளிடம் ஒன்றும் மகனிடம் ஒன்றுமாகச் சொல்லியிருந்தாள். பயந்துபோன மனுஷி, யார் பக்கத்தில் இருந்தார்களோ அவர்களுக்கு ஏற்றபடி சொன்னாள். இரண்டு பேரும் தங்களுக்குச் சொன்னதே உண்மை என்று எடுத்துக்கொண்டார்கள்.]

மொட்டைமாடிச் சென்சாரைப் பார்த்துக்கொள்ளும் வேலையை அவனுக்கு வாங்கித் தந்தது அக்காதான். சண்டைக்குப் பிறகு கோபத்தில் விட்டுவிடுவான் என்று அவள் நினைத்தாள். காரியம் முடிந்து அவள் அலுவலகம் திரும்பிய அன்று, பையைக்கூட இறக்காமல் திரையைத் திறந்தாள். பள்ளம் இருந்தது. தரை வரைக்கும்.

அவன் கல்யாணம் செய்துகொள்ளாதவன். ஏன் என்று கேட்கக்கூடிய ஒரே ஆள் அம்மா. அவளும் இல்லை. ஆகவே இந்த உலகத்தில் அவன் நேற்று எழுந்தானா, இன்று எழுந்தானா என்று தினமும் பார்க்கிற கண் ஒன்றே ஒன்றுதான். அவனுக்கு அது தெரியுமா என்று அவளுக்குத் தெரியாது.

4

"டாக்டர், உங்க பொழப்புக்கு உலை வெச்சாச்சு!" என்று சொல்லிக்கொண்டே ஈயம் ஒரு பெட்டியை அவள் மேசைமேல் வைத்தார். சோற்றுப் பாத்திரம் அளவுகூட இல்லை. சாம்பல் நிறம், ஓரத்தில் சின்னத் திரை, கீழே வயர்கள் நுழைய வரிசையாகத் துளைகள்.

"இது என்ன, வெயிலைப் பதியற புது லாகரா?"

"புதுசு. பழசு என்ன பண்ணும்? நிமிஷத்துக்கு ஒரு தடவை சராசரி எடுத்து, வந்ததை வந்தபடி அனுப்பும். இது நொடிக்கு நொடி பாக்கும். கை குறுக்க வந்தா அதுவே கண்டுபிடிச்சு, அதுவே அழிச்சு, அதுவே கோடும் போட்டு அனுப்பிடும். உங்க கண்ணுக்குப் பள்ளமே வராது. நீங்க கால் மேல கால் போட்டுக்கிட்டு டீ குடிக்கலாம்."

"மேகத்தைக் கைன்னு நினைச்சுக்கிட்டா?"

"நினைக்காது. கையைக் கையின்னும் மேகத்தை மேகம்னும் சொல்ற அளவுக்கு வளத்துட்டேன்."

"அழிக்கறதுக்கு முன்னாடி இருந்ததை எங்கயாவது வெச்சிருக்குமா?"

"எதுக்கு? குப்பையைப் பெட்டியில போட்டு யாராவது பூட்டி வெப்பாங்களா?"

அவள் பெட்டியின் துளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கையை அழிக்கற வடிகட்டியை நிறுத்தியும் வெக்கலாம்" என்றார் ஈயம், சற்று இறங்கி வந்து. "மாட்டும்போதே முடிவு பண்ணிடணும். ஆனா மேல காரணம் கேப்பாங்க. என்ன சொல்வீங்க?"

"யோசிச்சுச் சொல்றேன்."

"யோசிக்க என்ன இருக்கு டாக்டர்? பல்வலிக்கு மருந்து கொடுத்தா, ஐயோ வலி போயிடுமேன்னு அழற ஆளை இப்பத்தான் பாக்கறேன்."

அவள் சிரித்தாள். சிரிக்க வேண்டிய இடம் என்பதால் சிரித்தாள். முதல் பெட்டியை எந்த ஊரில் மாட்டப்போகிறார்கள் என்று கேட்டாள். ஈயம் சொன்னது தம்பியின் ஊரை.

என்ன காரணம் சொல்வாள்? பள்ளம் பிழை. பிழையை வைத்திருக்கச் சொல்ல ஒரு சரிபார்ப்பவளுக்கு உரிமை இல்லை. அது போய்விட்டாலோ, தம்பி இருக்கிறானா என்று தெரிந்துகொள்ள அவளுக்கு வேறு வழி இல்லை. ஒரு வழியைத் தவிர.

5

இந்த இடத்தில் கதை இருமுறை இடறி விழுந்தது. விழுந்த தடத்தை அழிக்காமல் விடுகிறேன்.

முதல் முறை: பள்ளம் நாளுக்கு நாள் நீண்டுகொண்டே போவதாகவும், அதன் அடியில் கோடு லேசாக ஆடுவதாகவும், தம்பியின் கை நடுங்குகிறது என்று அக்கா கண்டுபிடிப்பதாகவும் எழுதினேன். எழுதும்போது எனக்கே உடம்பு சிலிர்த்தது. ஈயத்திடம் படித்துக் காட்டினேன்.

"நிமிஷ சராசரியில நடுக்கமெல்லாம் தெரியாதுங்க" என்றார்.

"கொஞ்சம்கூடவா?"

"கொஞ்சம்கூட. வேணும்னா ஆளைக் கொன்னுக்குங்க. கருவியைப் பொய் சொல்ல வைக்காதீங்க."

அடித்துவிட்டேன்.

இரண்டாம் முறை: எழுதியவரைக்கும் அந்த அம்மாவிடம், அதாவது "அது கை" என்றவரிடம், கொடுத்தேன். மதிய இடைவேளையில் மூக்குக்கண்ணாடியை மேலே ஏற்றிவிட்டுக்கொண்டு முழுவதும் படித்தார். என் வாக்கியங்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"போன் பண்ண வேண்டியதுதானே? ஏன் பண்ணல அவ?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நான் படித்த நாவல்களில் யாரும் போன் செய்வதில்லை. கடிதம் எழுதுவார்கள், அனுப்பாமல் கணப்புத் தீயில் போடுவார்கள், கணப்பு இல்லாவிட்டால் ஆற்றில் போடுவார்கள். போன் செய்துவிட்டால் நாவல் அத்தோடு முடிந்துவிடும். ஆனால் என் சரிபார்ப்பவளின் கைப்பையில் போன் இருக்கிறது, அதில் தம்பியின் எண் இருக்கிறது. ஏன் பண்ணவில்லை?

நாள் முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். கிடைத்த பதில் இது. நல்லாயிருக்கியா என்று கேட்டால், இருக்கேன் என்பதோடு வேறு பதில்களும் சேர்ந்து வரும். பள்ளம் அந்த ஒரே ஒரு பதிலைத் தந்தது, வேறு எதையும் தரவில்லை. திருப்பி எதையும் கேட்கவும் இல்லை. பேசாமல் இருப்பதற்கு இவ்வளவு சௌகரியமான ஏற்பாடு கிடைத்துவிட்டால் மனிதர்கள் அதில் குடியேறிவிடுவார்கள். அவளும் குடியேறிவிட்டாள்.

இதை அந்த அம்மாவிடம் சொன்னேன். "ம்" என்றார். ஒத்துக்கொண்டாரா என்று எனக்குத் தெரியவில்லை.

6

புதுப் பெட்டியை மாட்ட ஈயம் கிளம்பியபோது, சரிபார்ப்பவளும் வருவதாகச் சொன்னாள். "டாக்டர் வீட்டுக்கே வந்து பாக்கறாரா! பீஸ் ஜாஸ்தியாகுமே!" என்றார் அவர். அந்த ஊரில் இருப்பது தன் தம்பி என்று அவள் அவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

வேனில் வழி முழுக்க முதல் வாக்கியத்தைத் தேடிக்கொண்டே போனாள். எப்படிடா இருக்கே? வேண்டாம், நேற்றுப் பார்த்த மாதிரி இருக்கும். அம்மா உங்கிட்ட அப்படிச் சொன்னது எனக்கு... வேண்டவே வேண்டாம். சாப்பிட்டியா? இது பரவாயில்லை. எவ்வளவு பெரிய பகையையும் தாண்டிக் கேட்கக்கூடிய கேள்வி. அதை வைத்துக்கொண்டாள்.

ஊர் எல்லையில் தண்ணீர் இறைக்கும் நிலையம். அதன் மொட்டைமாடிக்கு வெளிப்பக்கமாக இரும்புப் படி. ஈயம் முன்னால் பெட்டியோடு ஏற, அவள் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு பின்னால் ஏறினாள். மோட்டார் ஓடிக்கொண்டிருந்ததில் படி கிடுகிடுவென்று அதிர்ந்தது. மேலே தலை நீட்டியதும் வெயில் கண்ணில் அடித்தது.

சென்சாருக்கு முன்னால் ஒருவர் குனிந்து நின்றிருந்தார். தலையில் துண்டு கட்டியிருந்தது. கையில் மெல்லிய துணி. சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, குழந்தைக்கு முகம் துடைப்பதுபோல் குமிழைச் சுற்றிச் சுற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். உடம்பின் நிழல் மொத்தமும் சென்சார்மேல் கிடந்தது.

அது ஒரு பெண்.

"ஏம்மா!" என்று ஈயம் கத்தினார். "வெயிலை முதுகுல வாங்கிக்கிட்டு நிக்கறீங்களே, கை மட்டுமில்லாம ஆளே மறைக்குது! எதிர்ப்பக்கம் நின்னு துடைக்கணும்னு யாரும் சொல்லித் தரலையா?"

அந்தப் பெண் நிமிர்ந்து, துணியை உதறி மடித்தார். "தெரியும் சார். எதிர்ப்பக்கம் நிக்கணும்னு அவருதான் சொன்னாரு. ஆனா நீ இப்படி நில்லுன்னும் அவரேதான் சொன்னாரு."

"எவரு?"

"முன்னாடி இருந்தவரு."

அவள் படியின் கைப்பிடியை இன்னும் விடவில்லை. "எதுக்கு இப்படி நிக்கச் சொன்னார்?" என்று கேட்டாள். குரல் சாதாரணமாகத்தான் வந்தது.

"அங்க ஆபீஸ்ல ஒருத்தங்க தினமும் கோட்டைப் பாப்பாங்களாம். பள்ளம் நல்லா ஆழமா தெரியலைன்னா பயந்துக்குவாங்களாம். 'எனக்கொண்ணும் இல்லம்மா, அவங்களுக்காகத்தான், கொஞ்சம் தாராளமா நிழலைக் குடு'ன்னாரு. நிழலுக்கா பஞ்சம்? குடுத்துக்கிட்டிருக்கேன்."

ஈயம் ஏதோ கேலி சொல்ல வாயெடுத்தவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பெட்டியைக் கீழே வைத்தார்.

"அவர் எப்பப் போனார்?"

"மழை விட்டப்பவே போயிட்டாருங்களே. உடம்புக்கு முடியல. வயித்துல என்னமோ இருக்கு, அறுத்து எடுக்கணும்னாங்களாம். தனிக்கட்டையாச்சே, யாரு பாத்துக்குவாங்கன்னு கேட்டேன். 'அக்கா வீட்டுக்குப் போறேன், கையெழுத்துப் போட அவ இருக்கா'ன்னு சொல்லிச் சிரிச்சாரு." அந்தப் பெண் துணியைப் பையில் செருகிக்கொண்டே கேட்டார்: "நீங்க அந்த ஆபீஸ்லேர்ந்துதானே வர்றீங்க? அவரு இப்ப எப்படி இருக்காரு, உங்களுக்குத் தெரியுமாம்மா?"

மழை விட்டு எவ்வளவு காலம் ஆகிறது. தெருக்களில் புழுதி பறக்கத் தொடங்கி, மரங்கள் இலை கொட்டி முடித்துவிட்டன. அத்தனை காலையும் அவள் டீயைக் கையில் வைத்துக்கொண்டு, தம்பி எழுந்துவிட்டான், தம்பி வந்துவிட்டான் என்று நிம்மதியாகப் பார்த்தது, முன்பின் தெரியாத இந்தப் பெண்ணின் நிழலை.

அக்கா வீட்டுக்கு யாரும் வரவில்லை.

7

நான் இங்கே பல நாள் எழுதாமல் இருந்தேன். கையேட்டு வேலையை முடித்துக் கொடுத்தேன். "கவலைப்பட வேண்டாம்" என்ற வாக்கியத்தில் எனக்குத் திருப்தியில்லை, ஆனால் அதற்கு மேல் நல்ல வாக்கியமும் கிடைக்கவில்லை.

தம்பி எங்கே போனான் என்பதற்கு மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில் அவன் அக்கா வீடு இருக்கும் தெருமுனை வரைக்கும் வருகிறான். ஜன்னலில் விளக்கு எரிகிறது. கையில் பையோடு நிற்கிறான். பிறகு திரும்பிப் போகிறான். [அழகாக வந்தது. அழகாக வந்ததாலேயே நம்பிக்கை போய்விட்டது. விளக்கு எரிந்த அந்த ஜன்னல் நான் படித்த எந்த நாட்டு ஜன்னலோ.]

இன்னொன்றில் அவன் அக்கா வீட்டுக்குப் போக நினைக்கவே இல்லை. அந்தப் பெண் தன்னை நினைத்து வருத்தப்படாமல் இருக்க அப்படிச் சொன்னான், அவ்வளவுதான். அக்கா பயப்படாமல் இருக்க நிழலை ஏற்பாடு செய்தவன் அல்லவா? ஒவ்வொருவருக்கும் அவரவர் நிம்மதியைப் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டு, தன் வலியைத் தானே தூக்கிக்கொண்டு எங்கோ போய்விட்டான். [இதுதான் உண்மையாக இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. தோன்றுவது போதாது.]

மூன்றாவதை ஒரு வரிக்கு மேல் எழுத முடியவில்லை. அந்த வரியையும் இங்கே காட்டப்போவதில்லை.

மூன்றில் எதைத் தேர்ந்தாலும் அந்த மொட்டைமாடியில் நிற்பவளுக்கு அது உதவாது. அவளுக்கு என் மூன்றும் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான். அவன் சிரித்துக்கொண்டே சொன்னதாக இந்தப் பெண் சொன்ன வார்த்தை. 'கையெழுத்துப் போட அவ இருக்கா.' அது மன்னிப்பா, குத்தலா, வெறும் வேடிக்கையா? எந்தக் கருவியும் அதைச் சொல்லாது. அவனைத்தான் கேட்க வேண்டும்.

ஈயம் பழைய பெட்டியைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டினார். வயர்களை ஒவ்வொன்றாக இறுக்கினார். பச்சை விளக்கு இருமுறை மினுங்கியது. மண்டியிட்டபடியே அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"டாக்டர்... வடிகட்டியை என்ன பண்ண?"

அவள் வேண்டாம் என்று சொல்ல வேண்டும் என்பது என் ஆசை. அப்படித்தான் எழுதினேன்: "இருக்கட்டும், பள்ளம் இருந்துவிட்டுப் போகட்டும் என்றாள்." பலமுறை படித்துப் பார்த்தேன். அவள் வாயில் அது நிற்கவில்லை. அவள் சரிபார்ப்பவள். அவனுடையது இல்லை என்று தெரிந்த பிறகும் ஒரு கையை அவன் கை என்று வைத்துக்கொள்ள அவளால் முடியாது. என்னால் முடியும், நான் கதை எழுதுகிறவன்.

"போட்டுடுங்க" என்றாள்.

துண்டு கட்டிய பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. ஏதோ முடிவாகிவிட்டது என்று மட்டும் தெரிந்தது. "அப்ப நான் இனிமே எந்தப் பக்கம் நிக்கறதும்மா?"

"நிழல் விழாத பக்கமா நில்லுங்க."

"அவங்க பயப்பட மாட்டாங்களா?"

"பயப்படுவாங்க" என்றாள். "பரவாயில்ல."

பிறகு மாடியின் மறுகோடிக்குப் போனாள். அங்கே மோட்டார் சத்தம் கொஞ்சம் குறைவு. கைப்பையிலிருந்து போனை எடுத்தாள். எண்ணைத் தேட வேண்டியிருக்கவில்லை. வெயிலில் திரை தெரியாததால், முதுகைத் திருப்பித் தன் நிழலைத் திரைமேல் விழவைத்துக்கொண்டு அழுத்தினாள்.

மணி போயிற்று. நெடுநேரம் போயிற்று. நின்றுவிடும் என்று அவள் நினைத்த சமயத்தில் சத்தம் அறுந்து, திரையில் நொடிகள் ஓடத் தொடங்கின. அப்படியென்றால் மறுமுனையில் யாரோ எடுத்துவிட்டார்கள்.

எடுத்தவர் பேசவில்லை. மூச்சுச் சத்தமா, மின்விசிறிச் சத்தமா என்று தெரியாத ஏதோ ஒன்று கேட்கிறது. அவனாக இருக்கலாம். அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் யாராவதாக இருக்கலாம். அவன் விட்டுவிட்ட எண் இப்போது யாரோ ஒருவருடையதாக இருக்கலாம். அந்தப் பக்கம் யாராக இருந்தாலும் முதலில் பேச வேண்டியவள் இவள்தான். அது அவளுக்குத் தெரிகிறது. வேனில் தேடி எடுத்து வைத்திருந்த வார்த்தை தொண்டைக்கு வரவில்லை. வேறு வார்த்தை ஒன்று வருகிறது, உதடு பிரிகிறது.

அது என்ன வார்த்தை என்று எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோல் ஒன்றை எழுதிவிட்டு எழுந்து போயிருப்பேன். ஆனால் நான் யாரிடமும் அப்படிப் பேசாமல் இருந்தவன் இல்லை, என் குரலுக்காக யாரும் காத்திருக்கவும் இல்லை, அதனால் அந்த வார்த்தை எனக்குக் கிடைக்கவில்லை. இதைப் படிக்கிற உங்களில் யாருக்காவது, போனில் பெயர் இருந்தும் விரல் போகாத எண் ஒன்று இருந்தால், அந்த வார்த்தை உங்களுக்குத் தெரிந்திருக்கும். இந்தக் கதையில் அதைச் சொல்லக்கூடியவர் நீங்கள்தான்.

நொடிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. யாரும் இன்னும் வைத்துவிடவில்லை.